சிறுகோளின் பாதை எந்தக் கோளின் பாதையை வெட்டுகிறது? நீங்களே கணக்குப் போடலாம்

முதலில் நாசாவின் ஜேபிஎல் (JPL) ஆய்வகம் இணையத்தில் வைத்திருக்கும் சிறுபொருள் தரவுத்தளத்தைத் திறந்து, ஒரு சிறுகோளின் பெயரைத் தட்டுங்கள். அப்பல்லோவில் தொடங்குவது நல்லது, பூமியின் பாதையை வெட்டுவதாகக் கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் அதுதான். 1932 ஏப்ரலில் வானியலாளர் கார்ல் ரைன்முத் ஜெர்மனியின் ஹைடல்பர்கில் கண்டுபிடித்தார், அப்புறம் அது தொலைந்தே போய் 1973இல்தான் மறுபடி அகப்பட்டது (41 வருடம்! எத்தனை பேர் தேடியிருப்பார்கள்).

பக்கத்தில் நிறைய எண்கள் இருக்கும், பயப்பட வேண்டாம், இப்போதைக்கு இரண்டு போதும்: அரைநெட்டச்சு (நீள்வட்டப் பாதையின் நீளத்தில் பாதி) 1.47 வானியல் அலகு (ஒரு அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரி தூரம்), மையத்தொலைத்தகவு (பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்ற அளவு) 0.56. ஒன்றிலிருந்து 0.56ஐக் கழித்து 1.47ஆல் பெருக்கினால் சுமார் 0.65, அதுதான் சூரியனுக்கு மிக அருகில் வரும் தூரம். கழிப்பதற்குப் பதில் கூட்டிப் பெருக்கினால் 2.29, மிகத் தொலைவு. சரி, இந்த இடைவெளிக்குள் யார் யார் இருக்கிறார்கள்? வெள்ளி 0.72, பூமி 1, செவ்வாய் 1.38 முதல் 1.67 வரை. மூன்று கோள்களின் தூரத்தையும் ஒரே சிறுகோள் கடந்து போகிறது, முதல் தடவை இதைப் போட்டுப் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது.

ஆனால் தாளில் கோடுகள் வெட்டிக்கொண்டால் மோதல் என்று அர்த்தமில்லை. அப்பல்லோவின் பாதை பூமியின் பாதை இருக்கும் தளத்துக்குச் சுமார் 6 டிகிரி சாய்ந்திருக்கிறது, அதனால் பூமியின் பாதைக்கு மேலாகவோ கீழாகவோ தாண்டிவிடும். இரண்டு பாதைகளுக்கும் நடுவே உள்ள மிகக் குறைந்த இடைவெளியையும் அதே பக்கத்தில் பாருங்கள். அது 0.05 அலகுக்குள் இருந்து, சிறுகோளும் ஏறக்குறைய 140 மீட்டருக்கு மேல் இருந்தால்தான் ஆபத்து வாய்ப்புள்ளவை பட்டியலில் சேர்ப்பார்கள்.