கலவரத்துக்குப் பிறகு பள்ளி திறக்கும்போது ஆசிரியர் செய்ய வேண்டியது

சண்டையோ கலவரமோ ஓய்ந்து பள்ளி திறந்ததும் பலர் முதலில் செய்ய நினைப்பது, பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து "என்ன பார்த்தீர்கள், மனசுவிட்டுச் சொல்லுங்கள்" என்று கேட்பதைத்தான். நல்லெண்ணம்தான், ஆனாலும் வேண்டாம். நடந்ததை ஒரே அமர்வில் சொல்லவைத்துப் பாரத்தை இறக்கும் முறையை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. தவிர, பக்கத்து பெஞ்சில் இருப்பவன் எந்தத் தரப்பு என்பது பிள்ளைகளுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

முதலில் பள்ளியின் அன்றாட ஒழுங்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள். மணி அதே நேரத்தில் அடிக்கட்டும், அதே ஆசிரியர் வரட்டும், விளையாட்டு நேரத்தைப் பாடத்துக்காகப் பறிக்காதீர்கள். ஏதாவது மாறப்போகிறது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தீயணைப்பு ஒத்திகைக்கான சைரன் உட்பட. மேசையில் பிரம்பால் தட்டும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள் (பிரம்பே எதற்கு என்பது வேறு கதை). கதவுக்குப் பக்கத்தில்தான் உட்காருவேன் என்று ஒரு பிள்ளை அடம்பிடித்தால் விட்டுவிடுங்கள், ஓடுவதற்கு வழி தெரிந்தால்தான் அதற்குப் பாடத்தில் கவனம் போகும்.

அப்புறம் கவனிப்பது. சின்னப் பிள்ளைகள் படுக்கையில் சிறுநீர் கழிக்கலாம், அம்மாவை விட்டு நகராமல் இருக்கலாம், சுடுவதும் சாவதுமாக ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்ப விளையாடலாம். வளர்ந்த பிள்ளைகளுக்கு எரிச்சல், வகுப்பில் தூக்கம், அடிக்கடி பள்ளிக்கு வராமல் போவது. முதல் சில வாரங்களில் இதெல்லாம் இயல்புதான், வீடும் பள்ளியும் நிலைப்பட்டால் பெரும்பாலான பிள்ளைகள் தாங்களாகவே தேறிவிடுகிறார்கள். ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை என்றால் மனநல உதவிக்கு அனுப்புங்கள். சாவதைப் பற்றியோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைப் பற்றியோ பேசினால் அன்றைக்கே அனுப்ப வேண்டும். சத்தம் போடுகிறவன் எப்படியும் கண்ணில் பட்டுவிடுவான். யாருக்கும் தொந்தரவு தராமல் ஒடுங்கிக் கிடக்கும் பிள்ளையைத்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

தானாகவே வந்து பேசினால் கேளுங்கள், துருவாதீர்கள். "நீ சொன்னது நல்லது, இதில் உன் தப்பு எதுவுமில்லை" என்றால் போதும். "இனி எதுவும் நடக்காது" என்றோ "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்றோ வாக்குக் கொடுக்காதீர்கள். வீட்டிலேயே அடி, பாலியல் தொல்லை என்று தெரியவந்தால் குழந்தைப் பாதுகாப்பு அலுவலருக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் ஆசிரியர் அறையில் அது பேச்சாகக் கூடாது.

நாடகம், ஓவியம், குழு விளையாட்டு என்று தயாரான திட்டங்களோடு வெளியாட்கள் வருவார்கள். கண்மூடி ஏற்க வேண்டாம். கலவரம் நடந்த இந்தோனேசியாவின் போசோ பகுதியில் ஐந்து வாரங்களில் 15 அமர்வுகளாக நடத்திய வகுப்பறைத் திட்டம், அதிர்ச்சி அறிகுறிகளைக் குறைத்தது, நம்பிக்கை தளராமல் பார்த்துக்கொண்டது, மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைக்கவில்லை. இது 2008இல் வெளியான முடிவு. இதே வகைத் திட்டத்தை வட இலங்கையில் சோதித்தபோது சிறுமிகளுக்கு, திட்டத்தில் சேராதவர்களைவிட, அதிர்ச்சி அறிகுறிகள் குறைவாகவே தணிந்தன. அதனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது முடிந்த பிறகும் தேறாத பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்பது. பதில் இல்லை என்றால் திருப்பி அனுப்பிவிடலாம்.

ஆசிரியர்களும் அதே ஊரில்தான் இருந்தார்கள், அவர்கள் வீட்டிலும் இழப்பு இருக்கும். வாரம் ஒருமுறை அரை மணி நேரம், அறிக்கை எதுவும் எழுதாமல் கூடிப் பேச தலைமையாசிரியர் நேரம் ஒதுக்க வேண்டும், அதுவும் பள்ளி நேரத்துக்குள்ளேயே.