இரண்டு ஆஃபர், ஒரு குழந்தை: மகப்பேறு விடுப்பையும் சம்பளத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

கையில் இரண்டு ஆஃபர் லெட்டர், அடுத்த வருடத்துக்குள் குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணமும் இருக்கிறது, எதில் சேரட்டும் என்று சித்தி மகள் கேட்டாள். ஒரு கம்பெனி அனுப்பிய பெனிஃபிட்ஸ் பிடிஎஃப்பில் "26 வாரம் முழுச் சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு" என்று கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு குட்டிப் பாதத்தின் படம் வேறு. அவளுக்கு அதில் மனசு போய்விட்டது. நான் முதலில் சொன்னது, அந்த வரியைப் பேனாவால் அடித்துவிடு என்றுதான். அது கம்பெனி கொடுப்பது இல்லை. சட்டம் கொடுப்பது. குறைந்தபட்சச் சம்பளம் தருகிறோம் என்று ஒருவர் விளம்பரம் செய்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் இதுவும்.

1961-ஆம் ஆண்டு மகப்பேறு பலன் சட்டத்தில் 12 வாரமாக இருந்ததை 2017-ல் 26 வாரமாக உயர்த்தினார்கள். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது, ஆனால் 26 வாரம் அப்படியேதான் இருக்கிறது. ஏற்கனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். கருச்சிதைவு ஆனால் 6 வாரம். கம்பெனி இலவசமாகப் பிரசவ மருத்துவ உதவி தராவிட்டால் 3,500 ரூபாய் மருத்துவ போனஸ். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் கிரெஷ் (குழந்தைக் காப்பகம்), குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை. இவ்வளவும் தரை மட்டம், இரண்டு கம்பெனிக்கும் பொது. பேப்பரில் கோடு போட்டு இரண்டு பக்கம் எழுதும்போது இவற்றை எழுதவே வேண்டாம். தரைக்கு மேலே யார் எவ்வளவு கட்டியிருக்கிறார்கள் என்பதை மட்டும் எழுதுங்கள்.

ஆனால் அந்தத் தரையில் நிற்பதற்கே ஒரு தகுதி உண்டு. எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்தக் கம்பெனியில் குறைந்தது 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். பழைய கம்பெனியில் ஏழு வருடம் உழைத்தது புதிய இடத்தில் செல்லாது. ஆகவே ஏற்கனவே கர்ப்பமாக இருந்துகொண்டு வேலை மாறுபவர்கள் காலண்டரை எடுத்து, சேரும் தேதியிலிருந்து டாக்டர் சொன்ன தேதிவரை எண்ணிப் பாருங்கள். சம்பளத்தோடு கூடிய விடுமுறை நாள் கணக்கில் வரும், லாஸ் ஆஃப் பே, அதாவது சம்பளம் வெட்டிய விடுப்பு நாள் வராது. தொண்ணூறு நாள்தான் தேறுகிறது என்றால் அந்த ஆஃபர் ஆபத்து, ஏனென்றால் ஜாயினிங் ஒரு வாரம் தள்ளிப்போய், குழந்தையும் இரண்டு வாரம் முந்தினால் கதை கந்தல்.

சரி, இப்போது பணம். "முழுச் சம்பளம்" என்றால் எந்தச் சம்பளம்? இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டவர்கள்தான் அதிகம், நானும் அதில் ஒருத்தி. விடுப்புக்குப் போவதற்கு முந்தைய மூன்று மாதத்தின் சராசரி தினச் சம்பளத்தைத்தான் சட்டம் சொல்கிறது. அதில் எதெல்லாம் சம்பளம், எதெல்லாம் இல்லை என்பதில் சிக்கல் இருக்கிறது. புதிய சட்டத்தில் சம்பளம் என்றால் பேஸிக்கும் பஞ்சப்படியும் முக்கியம், வீட்டு வாடகைப் படி, பயணப் படி மாதிரியானவை வெளியே போகும். அப்படி வெளியே போகிறவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி திரும்பச் சம்பளத்தில் சேரும். மாதம் 60,000 கிராஸ் (பிடித்தம் போவதற்கு முந்தைய மொத்தச் சம்பளம்) வாங்குபவருக்கு, கம்பெனி கிராஸ் முழுவதையும் கொடுத்தால் ஆறு மாதத்துக்கு 3,60,000. சட்டக் குறைந்தபட்சத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பாதியில் நிறுத்தினால் 1,80,000. இரண்டையுமே "முழுச் சம்பளம்" என்று வாய்கூசாமல் சொல்ல முடியும். நல்ல கம்பெனிகள் பெரும்பாலும் கிராஸைத்தான் தருகின்றன, ஆனாலும் பெரும்பாலும் என்பதை நம்பி வீட்டு இஎம்ஐ கட்ட முடியாது.

எனக்கு நடந்தது இது. சென்னை ஓஎம்ஆரில் ஒரு ஐடி கம்பெனி, பெயர் வேண்டாம். முழுச் சம்பளம் என்று ஹெச்ஆர் பெண் சிரித்துக்கொண்டே சொன்னார், நானும் சிரித்துக்கொண்டே வளைகாப்புக்குப் போனேன். முதல் மாத பே ஸ்லிப்பில் ஷிஃப்ட் அலவன்ஸ் இல்லை, சாப்பாட்டு கூப்பன் இல்லை, இன்டர்நெட் படி இல்லை. எல்லாம் சேர்த்து எட்டாயிரத்துச் சொச்சம். கேட்டால், ஷிஃப்டே பார்க்கவில்லையே மேடம் என்கிறார்கள். வாதம் சரிதான், ஆனால் அந்த எட்டாயிரத்தை வைத்துத்தான் நாங்கள் வாடகைக்கு மேல் மெயின்டெனன்ஸ் கட்டிக்கொண்டிருந்தோம். அதனால் ஹெச்ஆரிடம் பொதுவாகக் கேட்காதீர்கள். ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில் சிடிசியை, அதாவது கம்பெனிக்கு உங்களால் ஆகும் மொத்த வருடச் செலவை, பிரித்துப் போட்டிருப்பார்கள் இல்லையா, அதை எடுத்து ஒவ்வொரு வரியாக, இது விடுப்பில் வருமா வராதா என்று டிக் அடிக்கச் சொல்லுங்கள்.

ஒரு கணக்குப் போட்டே பார்க்கலாம். இரண்டு கம்பெனியிலும் மாதம் 60,000, வருட போனஸ் 80,000 என்று வைத்துக்கொள்வோம். முதல் கம்பெனி 26 வாரம் மட்டும் தருகிறது, போனஸை வெட்டுவதில்லை, இன்சூரன்ஸில் பிரசவத்துக்கு உச்சவரம்பு 50,000, அதே கட்டடத்தில் இலவச கிரெஷ். இரண்டாவது கம்பெனி 32 வாரம் தருகிறது, மேலதிக 6 வாரத்துக்கு அரைச் சம்பளம், போனஸ் வேலை பார்த்த நாளுக்கு மட்டும், பிரசவ உச்சவரம்பு 1,00,000, கிரெஷ் பெயருக்கு ஒன்று டை-அப்பில் இருக்கிறது, ஆனால் சித்தி மகள் வீட்டுக்கு எதிர்த்திசையில். அரைச் சம்பள ஆறு வாரத்தில் இரண்டாவது கம்பெனி சுமார் 41,000 கூடத் தருகிறது. 32 வாரமும் ஒரே வருடக் கணக்கில் விழுந்தால் போனஸில் சுமார் 49,000 போகிறது. ஆக, பெருமையாகச் சொன்ன அந்த 32 வாரத்தைப் பணமாகப் பார்த்தால் எட்டாயிரம் நஷ்டம். இப்போது சிசேரியன் ஆகி பில் 1,20,000 வருகிறது என்று வையுங்கள்: முதல் இடத்தில் கையிலிருந்து 70,000, இரண்டாவது இடத்தில் 20,000. இரண்டாவது கம்பெனி 42,000 முன்னே வந்துவிட்டது. அப்புறம் கிரெஷ். வெளியே மாதம் 10,000 என்றால் ஒரு வருடத்துக்கு 1,20,000, அதில் முதல் கம்பெனி எங்கேயோ போய்விடுகிறது. ஆனால் அம்மா பக்கத்துத் தெருவில் இருந்து, குழந்தையை அவர் பார்த்துக்கொள்வார் என்றால் அந்த 1,20,000 செலவே கிடையாது, ஆறு வாரம் கூடுதலாக வீட்டில் இருக்கவும் முடியும், இரண்டாவதுதான் மேல். என் சித்தி மகளுக்கு மாமியார் வீடு தென்காசி, அம்மா வீடு திருச்சி, அவள் இருப்பது சென்னை மேடவாக்கம். அவள் கணக்கு வேறு, உங்கள் கணக்கு வேறு.

விடுப்பை எப்போது தொடங்கலாம் என்பதையும் இந்தப் பேப்பரில் எழுதுங்கள். 26 வாரத்தில் பிரசவத்துக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம்தான் எடுக்கலாம், அதையும் எடுத்தால் பின்னால் 18 வாரம்தான் மிச்சம். அதனால்தான் ஆபீஸில் நிறையப் பேர் கடைசி வாரம்வரை வயிற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். ஏழாம் மாதத்துக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை பார்க்க விடும் கம்பெனியென்றால், காகிதத்தில் இல்லாவிட்டாலும் அது நாலைந்து வாரம் கூடுதல் விடுப்புக்குச் சமம். என்னைக் கேட்டால் அரைச் சம்பள ஆறு வாரத்தைவிட இது உசத்தி.

இன்சூரன்ஸுக்குள் இன்னும் கொஞ்சம் போக வேண்டும், ஏனென்றால் பெரிய ஓட்டை அங்கேதான். குரூப் பாலிசியில் மொத்தக் கவரேஜ் 5 லட்சம் என்று இருக்கும், பிரசவத்துக்கு மட்டும் தனி உச்சவரம்பு இருக்கும், சுகப்பிரசவத்துக்கு ஒன்று, சிசேரியனுக்கு ஒன்று. 5 லட்சத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கேட்க வேண்டியவை: சேர்ந்த முதல் நாளிலிருந்தே பிரசவ கவர் உண்டா அல்லது ஒன்பது மாதக் காத்திருப்பா, பிறந்த குழந்தை முதல் நாளிலிருந்தே சேருமா, குழந்தை என்ஐசியூவில் (பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருக்க நேர்ந்தால் அந்தச் செலவு பிரசவ உச்சவரம்பிலிருந்து போகுமா இல்லை 5 லட்சத்திலிருந்தா. கடைசிக் கேள்வி சங்கடமானது, யாரும் கேட்க விரும்பாதது, ஆனால் லட்சக்கணக்கில் வித்தியாசம் வருவது அதில்தான். ஸ்கேன், மாதாந்திர செக்கப் செலவு சேருமா என்பதையும் கேளுங்கள், சின்னத் தொகைதான்.

அப்புறம் அப்ரைசல், அதாவது வருடாந்திர வேலை மதிப்பீடு. விடுப்பில் இருந்த வருடத்துக்கு ரேட்டிங் எப்படிப் போடுவார்கள்? போன வருட ரேட்டிங்கைத் தொடர்வார்களா, வேலை பார்த்த மாதங்களை வைத்துப் போடுவார்களா, இல்லை "ரேட்டிங் இல்லை" என்று விட்டுவிடுவார்களா? ரேட்டிங் இல்லை என்றால் ஹைக் (சம்பள உயர்வு) இல்லை. 60,000-க்கு எட்டு சதவீத ஹைக் போனால் மாதம் 4,800, வருடத்துக்கு 57,600, அதுவும் அந்த ஒரு வருடத்தோடு முடிவதில்லை, அடுத்த ஹைக் எல்லாம் குறைந்த தொகையின் மேல்தான் ஏறும். 26 வாரமா 30 வாரமா என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள்.

மாதச் சம்பளம் 21,000 அல்லது அதற்குக் கீழே வாங்கி இஎஸ்ஐயில் (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) இருப்பவர்களுக்கு ஆட்டமே வேறு. பணம் கம்பெனி தருவதில்லை, இஎஸ்ஐ தருகிறது. 26 வாரம்தான், சராசரி தினக்கூலி முழுசாக. முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில், அதாவது ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச் என்று வரும் ஆறாறு மாதத்தில், 70 நாளுக்குப் பங்களிப்பு போயிருந்தால் போதும், நடுவில் கம்பெனி மாறியிருந்தாலும் அதே இஎஸ்ஐ எண்ணில் அது தொடரும். பிரசவம் சென்னை கே.கே. நகர் மாதிரி இஎஸ்ஐ மருத்துவமனையில் செலவில்லாமல் பார்க்கலாம். ஆகவே 20,500-லிருந்து 22,000-க்கு ஒரு ஆஃபர் வந்தால் ஆயிரத்து ஐநூறு கூட என்று குதிக்காதீர்கள். இஎஸ்ஐ போய்விடும், புது இடத்தில் 80 நாள் கணக்கு முதலிலிருந்து, இன்சூரன்ஸில் பிரசவ கவர் இல்லாவிட்டால் பில் முழுக்க உங்கள் தலையில்.

அரசு வேலையோடு ஒப்பிடுபவர்களுக்கு அதிகம் சொல்ல எதுவும் இல்லை: தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம், மத்திய அரசில் 180 நாளும் அதற்கு மேல் பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பும். தனியாரில் இதற்கு ஈடு கிடையாது. கான்ட்ராக்டில் இருப்பவர்கள் யாருடைய பே ரோலில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள், பலகையில் இருக்கும் கம்பெனியின் பாலிசி உங்களுக்கு வராது, உங்களை அங்கே அனுப்பிய வெண்டாருடையதுதான் வரும். ஆனால் கான்ட்ராக்ட் நடுவில் முடிந்துவிட்டது, இனி பணம் இல்லை என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள். தகுதி பெற்ற பெண்ணுக்கு ஒப்பந்தக் காலத்தைத் தாண்டியும் மகப்பேறு பலன் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

இதையெல்லாம் எப்படிக் கேட்பது, கேட்டால் ஆஃபரையே திரும்ப எடுத்துவிட மாட்டார்களா என்பதுதான் எல்லாருடைய பயமும். இன்டர்வியூவில் கேட்காதீர்கள். ஆஃபர் லெட்டர் மெயிலில் வந்த பிறகு கேளுங்கள், மகப்பேறு என்ற சொல்லே வராமல் கேளுங்கள். சித்தி மகளுக்கு நான் எழுதிக் கொடுத்த மெயில் இவ்வளவுதான்: "முடிவெடுப்பதற்கு முன் முழு லீவ் பாலிசி, குரூப் இன்சூரன்ஸின் பலன் அட்டவணை, வேரியபிள் பே (போனஸ் மாதிரி மாறும் சம்பளம்) விதிகள், விடுப்புக்குப் பிறகு குறிப்பிட்ட காலம் வேலை பார்க்க வேண்டும் என்ற நிபந்தனை ஏதும் இருந்தால் அது, நான்கையும் அனுப்ப முடியுமா?" அந்த நான்காவது முக்கியம், திரும்பி வந்து ஆறு மாதம் இருக்காவிட்டால் கூடுதலாகக் கொடுத்த சம்பளத்தைத் திருப்பிக் கேட்கும் விதி சில இடங்களில் உண்டு. ஒரு கம்பெனி மறுநாளே நான்கு பிடிஎஃப் அனுப்பியது. இன்னொன்றிலிருந்து போன் வந்தது, எல்லாம் இண்டஸ்ட்ரி ஸ்டாண்டர்டுதான் மேடம், ஜாயின் பண்ணின பிறகு போர்ட்டலில் பார்த்துக்கலாம் என்று. அவள் போனை வைத்ததும், "நீங்கள் போனில் சொன்னபடி" என்று தொடங்கி அதையே மெயிலாக எழுதி அனுப்பினாள். பதிலுக்கு இரண்டு நாள் காத்திருந்தாள், வரவில்லை. குட்டிப் பாதம் போட்ட பிடிஎஃப் அனுப்பியதும் அதே கம்பெனிதான்.