திரும்பும் வழியைப் பார்த்துவிட்டு ஃபிளாஷ் செய்யுங்கள்: விசைப்பலகை ஃபர்ம்வேரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேபிளைச் செருகி விசையை அழுத்துகிறோம். திரையில் ஓர் எழுத்தும் வரவில்லை. விசைப்பலகைக்குள் ஓடும் ஃபர்ம்வேர் என்ற நிரலைச் சொந்தமாகக் கட்டி ஏற்றிப் (ஃபிளாஷ் செய்து) பழகிய எவருக்கும் தெரிந்த நொடி இது. சிப் போய்விட்டது என்றே அப்போது தோன்றும். பெரும்பாலும் போயிருக்காது. புதிய ஃபர்ம்வேரை ஏற்றிக்கொள்ள உதவும் பூட்லோடர் என்ற சிறிய நிரல் சிப்பில் தனி இடத்தில் இருக்கிறது. வழக்கமாக நாம் ஏற்றும் எதுவும் அதைத் தொடுவதில்லை. அதை எழுப்பத் தெரிந்தவர் எத்தனை முறை தவறினாலும் மீண்டும் தொடங்கலாம். தெரியாதவர் நல்ல பலகையை ஓரங்கட்டி வைத்துவிடுகிறார். நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி, கையில் இருப்பது என்ன வன்பொருள், அதிலிருந்து திரும்பி வருவது எப்படி என்று பார்க்காமல் இறங்கியதால் வந்தவை.

அதில் ஒன்று என்னுடையது. முதன்முதலில் நானே கம்பி இழுத்துச் செய்த பலகையில் 61 விசைகள். மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டையோடுகள் விசைக்கு ஒன்றாக 61, எல்லாம் 1என்4148 வகை. க்யூஎம்கே என்ற திறந்த மூல ஃபர்ம்வேரை ஏற்றினேன். ஒரு விசைகூட வேலை செய்யவில்லை. டையோடுகளைத் தலைகீழாக வைத்துவிட்டேன் என்று முடிவு கட்டி, இரண்டு மாலைகள் உட்கார்ந்து அத்தனையையும் கழற்றித் திருப்பி சால்டர் செய்தேன். அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு சொல்லை மாற்றியிருந்தால் போதும் என்பது பிறகுதான் தெரிந்தது. டையோடின் கறுப்புக் கோடு கிடைவரிசைக் கம்பியின் பக்கம் இருந்தால் அந்தச் சொல் 'கால்2ரோ'. நெடுவரிசையின் பக்கம் இருந்தால் 'ரோ2கால்'. எல்லா டையோடுகளும் ஒரே திசையில் இருக்கும்வரை எந்தத் திசை என்பது பொருட்டே அல்ல. ஃபர்ம்வேருக்கு அதைச் சரியாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து சால்டர் கோலைத் தொடுமுன் அறிகுறியைப் படிக்கிறேன். எல்லா விசைகளும் செத்திருந்தால் டையோடு திசையையோ, எந்தக் கம்பி சிப்பின் எந்தக் காலில் (பின்) சேர்கிறது என்ற பின் பட்டியலையோ கோப்பில் பாருங்கள். ஒரு வரிசை முழுவதும் செத்திருந்தால் அந்த வரிசையின் கம்பியையும் பின்னையும் பாருங்கள். ஒரே ஒரு விசை என்றால் அந்த விசையின் சால்டர் அல்லது டையோடு. மூன்று விசைகளை ஒன்றாக அழுத்தும்போது அழுத்தாத நான்காவது எழுத்தும் வந்தால், எங்கோ ஒரு டையோடு விடுபட்டிருக்கிறது அல்லது ஷார்ட் ஆகியிருக்கிறது.

பின் பட்டியலில் இன்னொரு பொறி உண்டு. புரோ மைக்ரோ என்ற சிறிய கட்டுப்பாட்டு போர்டில் ஒரு காலுக்குப் பக்கத்தில் 5 என்று அச்சிட்டிருக்கும். க்யூஎம்கே அந்த எண்ணை அறியாது. சிப்பின் கணக்கில் அது சி6. அச்சில் 2 என்று இருப்பது டி1, 3 என்று இருப்பது டி0. அச்செண்களை வைத்துப் பட்டியல் எழுதினால் எதுவும் பொருந்தாது. போர்டின் பின் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

சிப்பின் பெயர், பூட்லோடரின் பெயர்

"என் பலகை க்யூஎம்கே பலகை" என்று தெரிந்துவைத்திருப்பது போதாது. உள்ளே ஏடிமெகா32யு4 இருக்கிறதா, ஆர்பி2040 இருக்கிறதா, எஸ்டிஎம்32 குடும்பத்துச் சிப்பா என்று தெரிய வேண்டும். ஒரே சிப்பிலும் பூட்லோடர் வேறுபடும். புரோ மைக்ரோவில் வருவது கேட்டரினா; அதே ஏடிமெகா32யு4 உள்ள எலைட்-சி போர்டில் வருவது டிஎஃப்யு. அமைப்புக் கோப்பில் பூட்லோடரின் பெயரைத் தவறாக எழுதினாலும் ஃபர்ம்வேர் கம்பைல் ஆகும் (மூலநிரல் சிப்புக்குரிய கோப்பாக மாறும்), ஏறவும் செய்யும். ஆனால் விசையமைப்பில் (எந்த விசை என்ன செய்யும் என்ற பட்டியலில்) நீங்கள் வைத்த, பூட்லோடரை எழுப்பும் 'க்யூகே பூட்' விசையை அழுத்தினால் பலகை பூட்லோடருக்குள் போகாமல் உறைந்து நிற்கும்.

கேட்டரினாவோடு பழகாதவர்கள் அடிக்கடி தடுமாறுவது நேரத்தில். ரீசெட் காலையும் கிரவுண்டையும் தொட்டுவிட்டால் பூட்லோடர் ஏறக்குறைய 8 நொடிகள்தான் விழித்திருக்கும்; சில போர்டுகளில் விரைந்து இரண்டு முறை தொட வேண்டும். ரீசெட் செய்துவிட்டு, ஃபர்ம்வேரை ஏற்றும் கட்டளையைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தால் நேரம் போய்விடும். கட்டளையை முதலில் ஓடவிடுங்கள். அது பலகையைத் தேடிக் காத்திருக்கும்போது ரீசெட் செய்யுங்கள். ஆர்பி2040-இல் இந்தத் தொல்லை இல்லை. பூட்செல் பொத்தானை அழுத்தியபடி செருகினால் பென் டிரைவ் போல ஒரு டிரைவ் திறக்கும். கம்பைல் செய்து கிடைத்த யுஎஃப்2 கோப்பை அதில் நகலெடுத்தால் முடிந்தது. அதன் பூட்லோடர் ரோம் என்ற மாற்ற முடியாத நினைவகத்திலேயே பதிந்திருப்பதால் அதை அழிக்கவும் முடியாது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் அந்தச் சிப்பைத்தான் சொல்வேன்.

ஒரே பெயரில் இரண்டு மூன்று பதிப்புகள் வந்த பலகைகளில் எச்சரிக்கை தேவை. முதல் பதிப்பில் ஒரு சிப்பும் இரண்டாம் பதிப்பில் வேறொன்றும் இருக்கலாம். சிப் ஒன்றாகவே இருந்தாலும் பின்கள் மாறியிருக்கலாம். போர்டின் மேல் அச்சிட்ட பதிப்பு எண்ணைக் கண்ணால் பார்த்துவிட்டு அதற்குரிய கோப்புறையைத் தேர்ந்தெடுங்கள். கடையில் வாங்கிய பலகையானால், அதன் மூலநிரல் பொதுவெளியில் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழைய ஃபர்ம்வேரின் நகல் கையில் இல்லாமல் அதன் மேல் புதியதை எழுதிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வழி இருக்காது.

விண்டோஸில் ஜாடிக் கருவியைக் கொண்டு பூட்லோடருக்கான டிரைவர் நிறுவும்போதும் இதே கவனம் வேண்டும். பலகை பூட்லோடரில் இருக்கும்போது மட்டுமே அதைச் செய்ய வேண்டும். சாதாரண நிலையில் இருக்கும் பலகையைப் பட்டியலில் தேர்ந்தெடுத்துவிட்டால், விண்டோஸ் அதை விசைப்பலகையாகவே மதிக்காது. டிவைஸ் மேனேஜரில் அந்த டிரைவரை நீக்கித்தான் மீள வேண்டும். அதற்கு இன்னொரு விசைப்பலகை பக்கத்தில் இருப்பது நல்லது. லினக்ஸில் டிரைவர் தேவையில்லை, ஆனால் க்யூஎம்கே தரும் யூடெவ் விதிகளை (சாதனங்களுக்கு அனுமதி தரும் கோப்பை) நிறுவாவிட்டால் அனுமதி மறுக்கப்படும்.

கம்பைல் நிற்கும் இடங்கள்

மூலநிரலை ஜிப் கோப்பாக இறக்காதீர்கள். லூஃபா, சிபிஓஎஸ் போன்ற துணைத் தொகுப்புகள் ஜிப்பில் வருவதில்லை. கம்பைல் பாதியில் நின்றுவிடும். 'க்யூஎம்கே செட்டப்' கட்டளை எல்லாவற்றையும் கிட் என்ற மூலநிரல் மேலாண்மைக் கருவி வழியாகக் கொண்டுவரும். இயல்பாக வரும் விசையமைப்பிலேயே கைவைக்காமல், உங்கள் பெயரில் தனிக் கோப்புறை ஒன்றை உருவாக்கிக்கொள்ளுங்கள். புதுப்பிக்கும்போது மோதல் வராது. பழைய வழிகாட்டியிலிருந்து எடுத்து ஒட்டும் வரிகளையும் சந்தேகியுங்கள். ஒரு காலத்தில் 'ரீசெட்' என்று எழுதிய விசைக் குறி இன்று 'க்யூகே பூட்'. பழையதை எழுதினால் கம்பைலர் ஏற்காது.

அடிக்கடி வரும் பிழைச் செய்தி ஒன்றைக் கிட்டத்தில் பார்க்கலாம். 42 விசைகள் உள்ள பலகைக்கு விசையமைப்பு எழுதுகிறீர்கள். "42 வேண்டும், 41தான் கொடுத்திருக்கிறாய்" என்கிறது கம்பைலர். எண்ணிப் பார்த்தால் 42 இருக்கிறது. மறுபடி எண்ணினாலும் 42. விடுபட்டது விசை அல்ல, காற்புள்ளி. ஒரு வரியின் கடைசி விசைக்குப் பின் காற்புள்ளி இல்லாததால், அதையும் அடுத்த வரியின் முதல் விசையையும் கம்பைலர் ஒன்றாக எண்ணிவிட்டது. 43 என்று புகார் சொன்னால் கடைசி விசைக்குப் பின் ஒரு காற்புள்ளி கூடுதலாக இருக்கும். விசைகளை எண்ணுவதை விட்டுவிட்டு வரிகளின் கடைக்கோடியை மட்டும் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வாருங்கள்.

ஏடிமெகா32யு4-இல் இடப் பற்றாக்குறையும் வரும். மொத்தம் 32,768 பைட். பூட்லோடருக்கு 4,096 போக, நமக்கு 28,672. வண்ண விளக்கு அனிமேஷன்களும் திரையும் சேர்த்தால் சீக்கிரம் நிறைந்துவிடும். பதறி மேக்ரோக்களை (ஒரே விசையில் வைத்த பல அழுத்தங்களை) அழிக்க வேண்டாம். முதலில் எல்டிஓ என்ற இணைப்பு நேரச் சுருக்கத்தை இயக்குங்கள். பிறகு பிழைதேட உதவும் கன்சோல், கமாண்ட் வசதிகளை அணையுங்கள். அதற்கும் பிறகு பயன்படுத்தாத அனிமேஷன்கள். பெரும்பாலும் இத்துடன் இடம் கிடைத்துவிடும்.

ஏற்றியும் மாறவில்லையே

இது பலரைத் தூங்கவிடாத புதிர். கோப்பை மாற்றினோம், கம்பைல் ஆனது, பிழையின்றி ஏறியது. பலகை மட்டும் பழையபடியே நடக்கிறது. கம்பைல் செய்யாமலே விசையமைப்பை மாற்ற உதவும் வயா செயலியின் வசதியோடு கட்டிய ஃபர்ம்வேரில், விசையமைப்பு மின்சாரம் போனாலும் அழியாத ஈஈப்ரோம் நினைவகத்திலிருந்து வாசிக்கப்படுகிறது. கோப்பில் நீங்கள் எழுதியது அதற்கான தொடக்க நிலை மட்டுமே. கட்டப்பட்ட தேதியை ஃபர்ம்வேர் அங்கே அடையாளமாக எழுதிவைக்கிறது. புதிய ஃபர்ம்வேரின் தேதி வேறாக இருந்தால் பழையதை ஒதுக்கிவிட்டுக் கோப்பில் உள்ளதை எடுத்துக்கொள்ளும். தேதி ஒன்றாக இருந்தால் ஈஈப்ரோமில் இருப்பதே தொடரும். காலையில் ஏற்றியபோது தெரிந்த மாற்றம் பிற்பகலில் ஏற்றும்போது தெரியாமல் போவது இதனால்தான். ஈஈப்ரோமை அழிக்கும் 'ஈஈ_சிஎல்ஆர்' விசையை ஏதாவது ஓர் அடுக்கில் (அதே விசைகளுக்கு வேறு வேலை தரும் மாற்று அமைப்பில்) வைத்துக்கொள்ளுங்கள். பூட்மேஜிக் என்ற க்யூஎம்கே வசதி இயங்கும் பலகையானால் இடது மேல் மூலை விசையை அழுத்தியபடி கேபிளைச் செருகினாலும் ஈஈப்ரோம் அழிந்து பூட்லோடர் திறக்கும்.

மறுபக்கமும் உண்டு. வயாவில் பல நாள் செதுக்கிய விசையமைப்பு, வேறொரு நாள் புதிதாகக் கட்டி ஏற்றியவுடன் காணாமல் போகும். ஏற்றுவதற்கு முன் வயாவிலிருந்து அதைக் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாகப் பிரிந்த பலகைகள்

இங்கே ஒரே ஒரு தவறுதான் உண்மையிலேயே சிப்பைக் கொல்லும். இரு பாதிகளை இணைக்கும் டிஆர்ஆர்எஸ் கேபிள் ஹெட்ஃபோன் பிளக் போன்றது. செருகும்போதும் பிடுங்கும்போதும் அதன் முனை ஒவ்வொரு தொடுபுள்ளியையும் உரசிக்கொண்டு போகிறது. மின்சாரம் இருந்தால் அந்தக் கணத்தில் பாசிட்டிவும் கிரவுண்டும் ஷார்ட் ஆகலாம். யுஎஸ்பியைக் கழற்றிவிட்டு டிஆர்ஆர்எஸ்ஸைத் தொடுங்கள். இதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை.

க்யூஎம்கேயில் இரு பாதிகளிலும் தனித்தனியாக ஃபர்ம்வேர் ஏற்ற வேண்டும். ஒரு பாதியில் மட்டும் புதியதை ஏற்றினால் விசைகள் ஓடும், விளக்குகளும் திரையும் குழம்பும். ஏன் என்று தெரியாமல் நேரம் போகும். வயர்லெஸ் பலகைகளுக்குப் பெரும்பாலும் இசட்எம்கே என்ற வேறொரு ஃபர்ம்வேர்தான். அதில் விசையமைப்பு மட்டும் மாறினால் கணினியோடு பேசும் மையப் பாதிக்கு ஏற்றினாலே போதும். இயல்பாக அது இடது பாதி. பாதிகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாவிட்டால், 'செட்டிங்ஸ் ரீசெட்' ஃபர்ம்வேரை இரண்டிலும் ஏற்றிவிட்டுப் புதிதாக இணைக்க வேண்டும்.

அடுக்குகளும் இருவேலை விசைகளும்

அடுக்குகள் எண் வரிசைப்படி ஒன்றின்மேல் ஒன்றாக அமர்கின்றன. அடுக்கு 2-இல் இருந்துகொண்டு அடுக்கு 1-ஐத் தற்காலிகமாக இயக்கினால், மேலே இருக்கும் 2 அதை மறைத்துவிடும். அழுத்திய இடத்தில் எதுவும் நடக்காது. வெற்று விசை, ஊடுருவும் விசை இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: முதலாவது எதையும் செய்யாது, இரண்டாவது கீழடுக்கில் உள்ளதைச் செய்யும். 'டோ' விசையால் ஓர் அடுக்குக்குத் தாவுவதாக இருந்தால், அந்த அடுக்கிலிருந்து திரும்பும் விசையை முதலில் எழுதுங்கள். எழுத மறந்து மாட்டிக்கொண்டால் கேபிளைக் கழற்றிச் செருகினாலே அடிப்படை அடுக்கு வந்துவிடும்.

தட்டினால் எழுத்து, பிடித்தால் கன்ட்ரோல் என்று நடுவரிசை விசைகளுக்கு இரண்டு வேலை கொடுப்பது அருமையான வசதி. ஆனால் எல்லா எழுத்துகளுக்கும் முதல் நாளே கொடுக்காதீர்கள். பிடித்தலா தட்டலா என்று தீர்மானிக்கும் இயல்பான எல்லை 200 மில்லிநொடி. 'ஏ' விசைக்கு கன்ட்ரோல் கொடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். 'ஏ'யை விடுமுன் 'டபிள்யூ'வைத் தொடும் பழக்கம் உங்கள் விரலுக்கு இருந்து, 'ஏ' 210 மில்லிநொடி கீழேயே தங்கிவிட்டால், எழுத்துகளுக்குப் பதில் கன்ட்ரோல்-டபிள்யூ போகும். எழுதிக்கொண்டிருந்த பக்கம் மூடிவிடும். இந்த எல்லையை விரலுக்கேற்ப மெல்ல மாற்றிப் பழகுங்கள். க்யூஎம்கேயின் அண்மைப் பதிப்புகளில் 'கோர்டல் ஹோல்ட்' இருக்கிறது. ஒரே கையின் இரு விசைகள் அடுத்தடுத்து வந்தால் தட்டலாகவே கொள்ளும். மேலே சொன்ன விபத்து இதில் பெரும்பாலும் நின்றுவிடும்.

விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை, எண்ணை அனுப்புகிறது. 'ஏ' விசைக்கு 4. அதை எந்த எழுத்தாகக் காட்டுவது என்பது இயங்குதளத்தின் வேலை. அதனால் பலகையில் டிவோராக் (ஒரு மாற்று எழுத்தமைப்பு), இயங்குதளத்திலும் டிவோராக் என்று இரண்டு இடத்திலும் மாற்றினால் மாற்றத்தின் மேல் மாற்றம் விழுந்து எழுத்துகள் சிதறும். தமிழ்99 பயன்படுத்துபவர்களுக்கும் இதே கணக்குதான்: ஏதாவது ஓர் இடத்தில் மட்டும் மாற்றுங்கள்.

கடவுச்சொல்லை மேக்ரோவில் வைக்காதீர்கள். ஃபர்ம்வேரில் அது மறைகுறியாக்கம் இல்லாமல் அப்படியே கிடக்கும். விசையமைப்பைப் பொதுவெளியில் பகிரும் நாளில் அதுவும் கூடவே போகும். முகம் தெரியாத ஒருவர் கட்டிக் கொடுத்த கோப்பை ஏற்றுவதும் வேண்டாம். விசைப்பலகை அனுப்பும் எதையும் கணினி நம்பும். மூலநிரல் திறந்திருக்கும்போது நாமே கட்டிக்கொள்ளலாம்.

உறையை மூடித் திருகு போடுமுன் சோதனைக் கருவியில் ஒவ்வொரு விசையாக அழுத்திப் பார்க்கிறேன். பிறகு பலகையின் அடியில் ஒரு சீட்டு ஒட்டுகிறேன். இப்போது இதைத் தட்டச்சு செய்யும் பலகையின் சீட்டில் இருப்பது: "ஆர்பி2040. இரண்டாம் பதிப்பு. பூட்செல் உள்ளே, இடது ஓரம். வெளியிலிருந்து: எஸ்கேப் அழுத்தியபடி செருகு. ரோ2கால்."