வில்லன் வசனத்தை அலசும்போது எங்கே சறுக்குகிறோம்?

"உன் பொண்ணுக்கு நாலு மணிக்குத்தானே ஸ்கூல் விடும்?"

இலக்கணப்படி இது வெறும் கேள்வி, வில்லன் வாயில் மிரட்டல். வசனத்தைப் பேச்சுச் செயலாக, அதாவது பேச்சாலேயே செய்யும் காரியமாகப் பார்க்கப் போகிறேன் என்று உட்காருபவர்கள் முதலில் சறுக்குவதே இங்கேதான், வாக்கிய வடிவத்தைப் பார்த்து 'வினா' என்று குறித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். பேசுவதே ஒரு காரியத்தைச் செய்வதுதான் என்பது தத்துவ அறிஞர் ஜே.எல். ஆஸ்டின் 1955-ல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளின் சாரம். அதனால் இதைச் சொல்லி இவன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். கேள்வியாகக் கேட்பதில் அவனுக்கு லாபமும் இருக்கிறது, யாராவது மடக்கினால் "நான் என்ன தப்பா கேட்டேன்?" என்று நழுவிவிடலாம்.

அடுத்த குழப்பம், செயலையும் விளைவையும் ஒன்றாக்குவது. ஹீரோ சிரித்துவிட்டானாம், அதனால் மிரட்டலே நடக்கவில்லையாம். நடந்துவிட்டது சார், பயம்தான் வரவில்லை. "வாக்குக் கொடுக்கிறேன்" என்று சொன்னாலே வாக்கு கொடுத்தாயிற்று, ஆனால் "உன்னைப் பயமுறுத்துகிறேன்" என்று சொல்லி யாரையும் பயமுறுத்த முடியாது, சிரிப்புதான் வரும்.

மிரட்டலையும் எச்சரிக்கையையும் ஒரே பெட்டியில் போடுவதுதான் என்னை அதிகம் எரிச்சல்படுத்தும் தவறு. "அங்க போனா உயிரோட திரும்ப மாட்டே" என்று வழிப்போக்கர் சொன்னால் எச்சரிக்கை, ஏனென்றால் வரப்போகும் ஆபத்து அவர் கையில் இல்லை. அதையே வில்லன் சொன்னால், ஆபத்தே அவன்தான். கெட்டிக்கார வில்லன் இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் விளையாடுவான், "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று தன் மிரட்டலுக்கு அறிவுரை வேஷம் போடுவான்.

வரியை மட்டும் வெட்டி எடுத்து அலசவும் வேண்டாம். "இனிமே இங்க நான் வச்சதுதான் சட்டம்" என்பது அறிவிப்பு, அது பலிக்கச் சொல்பவனுக்கு அதிகாரம் வேண்டும். வில்லனுக்கு அந்தப் பதவி கிடையாது, பின்னால் நிற்கும் அடியாட்கள்தான் அதற்கு ஈடு. அவர்கள் அசையாமல் நின்றால் அதே வரி காமெடி.

இன்னொன்று, யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பது. மேடையில் நடிகர் சொல்வது ஒரு விதத்தில் வெற்றுச் சொல் என்று ஆஸ்டினே ஒதுக்கிவைத்தார். நடிகர் சக நடிகரை மிரட்டவில்லை, பாத்திரம் பாத்திரத்தை மிரட்டுகிறது, சரி. ஆனால் தியேட்டரில் நாமும் உட்கார்ந்திருக்கிறோமே! இடைவேளைக்கு முன்னால் "நாளைக்குக் காலையில நீ இருக்க மாட்டே" என்று அவன் உறுமும்போது ஹீரோவுக்கு அது மிரட்டல். அடுத்த பாதியில் பெரிய மோதல் இருக்கிறது என்று படம் நமக்குக் கொடுக்கும் வாக்கும் அதே வரிதான், அதனால்தான் விசில் பறக்கிறது.