கடைசி பெஞ்ச் சத்தத்தைச் சமாளிப்பது எப்படி? புதிதாகப் பாடம் எடுக்க வருபவர்களுக்கு

பொறியியல் கல்லூரியில் புதிதாக உதவிப் பேராசிரியராகச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாடம் தயாரிப்பது, பிபிடி போடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். அறுபது பேர் இருக்கும் வகுப்பில் நான்கு பேர் பேசிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் பார்ப்போம். நான் எடுப்பது இரண்டாமாண்டு மெக்கானிக்கல், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் பீரியட். அங்கே எடுபட்டதைத்தான் சொல்கிறேன்.

படி 1: முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்

பத்து விதி போட்டால் ஒன்றும் நிற்காது. தாமதம், ஃபோன் இரண்டும் போதும். தாமதமாக வருபவர் வாசலில் நின்று "மே ஐ கம் இன் சார்" கேட்க வேண்டாம்; சத்தமில்லாமல் உள்ளே வந்து, வாசலுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்காரட்டும். அவர் கேட்டு, நீங்கள் கடிந்து, பின்னாலிருந்து ஒருவர் கமென்ட் அடித்து முடிப்பதற்குள் பாடம் எங்கே நின்றது என்பது உங்களுக்கே மறந்திருக்கும். ஃபோன் பைக்குள் இருக்க வேண்டும். பிடுங்கி மேஜையில் வைக்கும் பழக்கம் வேண்டாம். கீழே விழுந்து டிஸ்ப்ளே உடைந்தால் அது தனிப் பஞ்சாயத்து.

படி 2: பெயர்

"ஏய், ப்ளூ சட்டை" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும்வரை யாரும் அசைய மாட்டார்கள். ஒரு ஏ4 தாளில் பெஞ்சுகளை வரைந்து, பென்சிலால் பெயர் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதற்கும் ஆப் இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. குனிந்து ஃபோனைப் பார்க்கும் ஆசிரியர், ஃபோனைப் பார்க்காதே என்று எப்படிச் சொல்வார்?

படி 3: பேச்சை நிறுத்தாமல் நடங்கள்

சத்தம் வரும் பெஞ்சை நோக்கிப் பாடம் சொல்லிக்கொண்டே போய், பக்கத்தில் நின்று இரண்டு வாக்கியம் பேசிவிட்டுத் திரும்புங்கள். பாதி நேரம் அதிலேயே அடங்கிவிடும். "நான் இப்ப என்ன சொன்னேன், எழுந்து சொல்லு" மட்டும் வேண்டாம். எழுந்து நின்றவருக்கு மேடை கிடைத்த மாதிரி. ஒரு ஜோக் அடித்தால் வகுப்பே அவர் பக்கம்.

இங்கே ஒரு சின்னக் கதை. ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர், தன் கல்லூரி வகுப்பில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மாணவரைக் கண்டித்தார். ஒன்றும் செய்யாத மற்றவர்களும் சட்டென்று அடங்கிப்போனதைக் கவனித்தார். அதைப் பிடித்துக்கொண்டு பல வருடம் பள்ளி வகுப்புகளை ஆராய்ந்து 1970ல் முடிவுகளை வெளியிட்டார். எப்படிக் கண்டிக்கிறோம் என்பதில் பெரிய வித்தியாசம் இல்லையாம். வகுப்பில் நடப்பதெல்லாம் இவருக்குத் தெரிகிறது என்று மாணவர்களுக்குத் தோன்றுவதுதான் வேலை செய்கிறது. மேஜைக்குப் பின்னாலேயே நின்றால் அது தோன்றாது.

படி 4: வகுப்பு முடிந்ததும் இரண்டு நிமிடம்

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். "தம்பி, ஒரு நிமிஷம் இருப்பா" என்று நிறுத்துங்கள். கதவருகே காத்திருக்கும் நண்பர்களை முதலில் அனுப்பிவிடுங்கள். அவர்கள் பார்வையில் இருந்தால் விறைப்பாகத்தான் பேசுவார். ஸ்டாஃப் ரூமுக்கு வரச் சொல்லாதீர்கள். அங்கே ஆளுக்கொரு அறிவுரை சொல்லி விஷயத்தைப் பெரிதாக்கிவிடுவார்கள்.

பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் கதை முடிந்தது. "அந்தக் கணக்கு போடும்போது நாலு தடவை பின்னாடி திரும்பிப் பேசினே. எனக்குப் பேச்சு தடைப்படுது. என்ன விஷயம்?" இவ்வளவுதான். அப்புறம் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

உடனே "ஒண்ணுமில்ல சார், சாரி சார்" வரும். அது பதில் இல்லை, பழக்கம். "சரி போ" என்று அனுப்பிவிடாமல் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். இரண்டாவதாக வருவதுதான் உண்மையான பதில். "போர்டு தெரியல சார்." "இங்கிலீஷ்ல வேகமா போறீங்க, அவன்கிட்ட கேட்டேன்." தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் இருக்கும் வகுப்பில் நாம் சத்தம் என்று நினைப்பதில் ஒரு பகுதி இந்த மொழிபெயர்ப்பு வேலைதான். அதற்குத் தண்டனை எதற்கு? முக்கியமான இடங்களைத் தமிழிலும் ஒருமுறை சொன்னால் போதும். காரணமே இல்லாத வெறும் அரட்டை என்றால், நாளை எந்த இடத்தில் உட்காரப் போகிறார் என்று அவரையே சொல்ல வையுங்கள்.

மன்னிப்புக் கடிதம், "அப்பாவைக் கூட்டிட்டு வா" இதெல்லாம் கடைசி ஆயுதம். கூலி வேலை செய்பவர் என்றால் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் அந்த அப்பா வருவார்.

படி 5: எழுதி வையுங்கள்

தேதி, நடந்தது, நீங்கள் சொன்னது, அவர் சொன்னது. பாக்கெட் நோட்டு போதும். வகுப்பு வாட்ஸாப் குரூப்பில் போட்டு மானத்தை வாங்காதீர்கள். திரும்பத் திரும்ப நடந்தால் அந்த நோட்டோடு கிளாஸ் அட்வைசரிடம் போங்கள், பிறகு ஹெச்.ஓ.டி. வருகைப்பதிவில் மட்டும் கை வைக்க வேண்டாம். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் செமஸ்டர் எழுத 75 சதவீத வருகை வேண்டும். உடம்பு சரியில்லை போன்ற காரணங்களுக்குத்தான் 65 வரை தளர்வு. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு ஆப்சென்ட் போடுவது பொய்ப் பதிவு.

பின்சேர்க்கை

பெண் ஆசிரியர்கள் சிலர், தோற்றத்தைப் பற்றிய கமென்ட்டை எப்படிக் கையாள்வது என்று கேட்டிருந்தார்கள். இந்தப் படிகள் அதற்கானவை அல்ல. அது பாலியல் துன்புறுத்தல்; நேராகக் கல்லூரியின் உள் புகார்க் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2015 விதிமுறைகளும் அதற்கு வழி செய்கின்றன. மாணவர்களுக்குள் ராகிங் என்றால் ராகிங் தடுப்புக் குழு. தேசிய உதவி எண் 1800-180-5522.

இன்னொரு கேள்வி: போர்டு பக்கம் திரும்பியதும் பூனைச் சத்தம் வருகிறது, யார் என்று தெரியவில்லை. "யார் அது?" என்று கேட்காதீர்கள், ஒருவரும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். ஒட்டுமொத்த வகுப்பையும் தண்டித்தால் சும்மா இருந்தவர்களும் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். இரண்டு வரிக்கு மேல் தொடர்ந்து எழுதாமல், பக்கவாட்டில் நின்று எழுதப் பழகுங்கள். நீளமான கணக்கென்றால் சாக்பீஸை ஒரு மாணவரிடம் கொடுத்து எழுதச் சொல்லிவிட்டு, நீங்கள் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்று அடுத்த வரியைச் சொல்லுங்கள்.