டிஜேவிடம் பாட்டு லிஸ்ட் கொடுப்பதற்கு முன்னால்

ரிசப்ஷனுக்கு டிஜே பேசி முடித்த அன்றே நம் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து ஆட்கள் செய்கிற முதல் வேலை, நூறு பாட்டை எழுதி வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவது. அவருக்கு அதைவிட அவசரமாகத் தேவைப்படுவது நேரம்தான்: பொண்ணு மாப்பிள்ளை எப்போது மேடை ஏறுவார்கள், கேக் எப்போது, முதல் பந்தி எப்போது, எத்தனை மணிக்கு நிறுத்தியாக வேண்டும். இது தெரியாத டிஜே எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், எல்லோரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் நல்ல குத்துப்பாட்டை எல்லாம் தீர்த்துவிடுவார்.

முடிகிற நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது, அதற்கு முன்னால் வைப்பதற்கும் எழுத்து மூலம் அனுமதி வேண்டும், ஆகவே உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் முன்பே மனு கொடுத்துவிடுங்கள். பத்துக்கு நிறுத்த வேண்டுமென்றால் ஆட்டம் எட்டரைக்காவது சூடு பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் பந்தியும் போடுவார்கள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் எந்தப் பாட்டாலும் கூட்டத்தைப் பிடித்து வைக்க முடியாது, சாப்பிட்ட கையோடு ராமேஸ்வரம் பக்கம் போக வேண்டியவர்கள் பஸ்ஸைப் பார்த்துக் கிளம்பியும் விடுவார்கள். அதனால் பெரியவர்களுக்கும் தூரத்து ஊர்க்காரர்களுக்கும் முதல் பந்தி, இளவட்டங்களுக்குக் கடைசிப் பந்தி என்று சமையல்காரரிடமும் டிஜேவிடமும் ஒரே நேரத்தைச் சொல்லிவையுங்கள். இந்த இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவே மாட்டார்கள், நீங்கள்தான் நடுவில் நிற்க வேண்டும்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி மாதிரி ஊர்களில் பக்கத்தில் பள்ளிவாசல் இருக்கும். அன்றைய இஷா பாங்கு, அதாவது இரவுத் தொழுகைக்கான அழைப்பு, எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள், வெளியூர் டிஜேவுக்கு அது தானாகத் தெரியாது. தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் என்றால் சர்ச்சில் மாலைப் பூசை நேரம். அந்த இடைவெளியில் பாட்டை நிறுத்திவிட்டு போட்டோ எடுக்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை.

சரி, இப்போது பாட்டு. கண்டிப்பாகப் போட வேண்டியது பத்து, போடவே கூடாதது ஐந்து, அவ்வளவு போதும், மீதியைக் கூட்டத்தைப் பார்த்து அவரே பார்த்துக்கொள்வார், அதற்குத்தானே காசு கொடுக்கிறோம். கூடாத பட்டியலைக் கூச்சப்படாமல் எழுதுங்கள்: சாதிப் பெருமைப் பாட்டு, கட்சிப் பாட்டு, அப்பத்தா முன்னால் கேட்க முடியாத இரட்டை அர்த்தப் பாட்டு. நம் பக்கத்தில் ஒரு தப்பான பாட்டு மண்டபத்தையே இரண்டாக்கிவிடும். பாட்டின் பெயரோடு எந்த வடிவம் என்பதையும் சொல்லுங்கள், ஒரிஜினலா ரீமிக்ஸா, மேடை ஏறும் பாட்டு என்றால் எந்த இடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று. வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த ஆடியோவை அனுப்பாதீர்கள், பெரிய பாக்ஸில் அது தகரத்தைத் தட்டுகிற மாதிரி கேட்கும். கடற்கரையில் சிக்னலை நம்பி நெட்டில் போடுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம், எல்லாம் லேப்டாப்பிலும் ஒரு பென் டிரைவிலும் இருக்க வேண்டும்.

அப்புறம் மொய் எழுதுகிற மேசை. அதைப் பேஸ் பாக்ஸுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டால் பெயரும் காதில் விழாது, ஊரும் காதில் விழாது, அடுத்த பத்து வருஷத்துக்குச் சண்டை. மேசையைத் தள்ளிப் போடுங்கள், மொய் நடக்கிற நேரத்தில் பழைய மெலடியைச் சத்தம் குறைவாக வைக்கச் சொல்லுங்கள்.

திறந்த வெளி என்றால் காற்றையும் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது காற்றை எதிர்த்து வைத்த ஸ்பீக்கர் பாதிக் கூட்டத்துக்குக் கேட்காது, காற்று ஸ்பீக்கரின் முதுகிலிருந்து கூட்டத்தைப் பார்த்து அடிக்கிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள். ஸ்மோக் மெஷினுக்குத் தனியாகப் பணம் கேட்டால் மறுத்துவிடுங்கள், புகை எழும்புவதற்குள் பக்கத்துத் தெருவில் இருக்கும். லைட்டுக்கும் சவுண்டுக்கும் தனித்தனி லைன் இழுத்தால் பாக்ஸில் இரைச்சல் குறையும். ஜெனரேட்டர் மாற்றும் அந்தச் சில நொடிக்கு மிக்சர் யுபிஎஸ்ஸில் ஓட வேண்டும்.

தேதி விஷயத்தில் ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்காரர்கள் ஊரில் இருப்பார்கள், அதோடு சித்திரை வைகாசி முகூர்த்தமும் சேர்ந்துகொள்ளும். அந்த மாதங்களில் விசேஷம் என்றால் மண்டபம் புக் பண்ணுகிற அன்றே டிஜேவுக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடுவது நல்லது.

கல்யாணம், அதைச் சேர்ந்த விருந்துகளில் பாட்டுப் போடுவதற்கு 1957 காப்புரிமைச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஹோட்டலில் வைக்கிற பிறந்தநாளுக்கு அப்படி இல்லை, பாட்டு லைசென்ஸ் யார் பொறுப்பு என்று ஹோட்டலிடமே கேட்டுவிடுங்கள்.

பேசியதை எல்லாம் ஒரே மெசேஜாக அனுப்பி "சரி" என்று பதில் வாங்குங்கள்: வருவது அவரேதானா, வேறு பையனை அனுப்புவாரா, எத்தனை பாக்ஸ், எத்தனை கார்ட்லெஸ் மைக், கூட ஒரு மணி நேரம் ஆனால் எவ்வளவு, வண்டி வாடகை யாருடையது. விசேஷத்தன்று "அண்ணே, இந்தப் பாட்டைப் போடுங்கண்ணே" என்று போனை நீட்டிக்கொண்டு பத்துப் பேர் வருவார்கள், அவர்களைத் தடுத்து நிறுத்த நன்றாகப் பேசத் தெரிந்த ஒரு மச்சானை டிஜே மேசைப் பக்கத்திலேயே நிறுத்திவிடுங்கள், மீதிப் பணமும் அவர் கையிலேயே இருக்கட்டும். டிஜேவுக்கும் அவர் பையன்களுக்கும் கடைசிப் பந்தியில் நாலு இலை எடுத்துவைக்கச் சொல்ல வேண்டியதும் அந்த மச்சான்தான்.