இருவாச்சிக் கூட்டைக் கலைக்காமல் கண்காணிக்கும் முறை

பெரிய வளைந்த அலகுடைய காட்டுப்பறவையான இருவாச்சியின் கூட்டைக் கண்டுபிடிக்க மரம் மரமாகப் பொந்து தேடி அலைவதைவிட, இரை கொண்டுசெல்லும் ஆண் பறவையைக் கண்ணால் பின்தொடர்வதே எளிது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ சனவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில் பெரும் இருவாச்சியின் பெண் பறவை முதுமரப் பொந்துக்குள் புகுந்து, எச்சத்தையும் பழச்சக்கையையும் குழைத்து வாயிலைப் பூசி, அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறலை மட்டும் விட்டு அடைத்துக்கொள்கிறது. உள்ளே அது இறகுகளையும் உதிர்த்துவிடுவதால், ஒன்றிரண்டு முட்டைகளை ஏறத்தாழ 40 நாள் அடைகாக்கும் காலம் முழுவதும் ஆண் கொண்டுவரும் பழமே அதற்கு உணவு. நாம் கூட்டருகே நின்று ஆணை மிரளச் செய்தால் உள்ளிருப்பவை பட்டினி கிடக்கும் என்பதை மனத்தில் கொண்டே எதையும் தொடங்க வேண்டும்.

ஆணின் விழி சிவப்பு, பெண்ணின் விழி வெளிர்நிறம். சிறகடிக்கும் ஓசை தொலைவிலேயே கேட்கும். ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார். ஆண் ஒரே திசையில் திரும்பத் திரும்பப் பறந்தால் அப்பக்கத்து மரங்களின் அடியைத் தொலைநோக்கியால் ஆராயுங்கள். பொந்துக்கு நேர் கீழே விதைகளும் எச்சமும் குவிந்திருந்தால், அவற்றினூடே நாற்றுகளும் முளைத்திருந்தால், கூடு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஆனைமலை போன்ற புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறையின் அனுமதியின்றி இறங்கக் கூடாது. தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சோலைத்துண்டுகளில் தோட்ட நிர்வாகத்தின் இசைவு வேண்டும். ஐம்பது மீட்டருக்குக் குறையாத தொலைவில் செடிமறைவில் அமர்ந்து, ஆண் வந்த நேரத்தையும், அது தந்த பழத்தின் வகையையும், எத்தனை முறை ஊட்டியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கழுத்துப்பை நிறையப் பழத்துடன் வந்த ஆண் கூட்டை நெருங்காமல் பக்கத்துக் கிளைகளில் தயங்கினால், அதற்குக் காரணம் நீங்களே, உடனே விலகிவிடுங்கள். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிடுவதும், பளிச்சிடும் விளக்குடன் படமெடுப்பதும், கூட்டின் இடத்தைச் சமூக ஊடகத்தில் வெளியிடுவதும் அறவே கூடாது. அழகான ஒரு படத்துக்காக இவ்விதியைத் தளர்த்துபவர்களை என்னால் மன்னிக்க முடிவதில்லை.

இப்பறவையால் மரத்தைக் குடைய முடியாது. கிளை முறிந்து உளுத்த பொந்துதான் அதற்கு வீடு. ஆகவே பட்டுப்போனதாகத் தோன்றும் முதுமரத்தை வெட்ட முற்படும்போது, அதில் பொந்து உண்டா என்பதைப் பார்த்து வனத்துறைக்குத் தெரிவிப்பது நாம் செய்யக்கூடிய பெரிய உதவி. தோட்டங்களில் நிழலுக்கு நடப்படும் சில்வர் ஓக் இருவாச்சிக்குப் பழம் தருவதில்லை. காட்டு அத்தி வகைகளை இடையிடையே நடச் சொல்லலாம். கேரளத்து வாழச்சாலில் கூடுகளைக் காவல் காப்பவர்கள் காடர் பழங்குடியினர். உள்ளூர் மக்களின் காட்டறிவை விடச் சிறந்த வழிகாட்டி இப்பணிக்குக் கிடைக்காது.

குஞ்சு பொந்தைவிட்டு வெளியேறும் நாளையும் மரத்தின் அடையாளத்தையும் எழுதிவையுங்கள். இருவாச்சிகள் பழைய பொந்துக்கே பல ஆண்டுகள் திரும்புவதால், அடுத்த சனவரியில் முதலில் பார்க்க வேண்டிய மரம் அதுவே.